‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று எழுதினால் போதாது: அரசு அலுவலகக் கொள்முதல் பிரிவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

உங்கள் கைக்கு வரும் பழைய ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் ‘பொருள் சுற்றுச்சூழலுக்கு உகந்ததாக இருத்தல் வேண்டும்’ என்று ஒரு வரி இருக்கலாம். முதல் வேலையாக அதை அடித்துவிடுங்கள். விலைப்புள்ளி தரும் அத்தனை பேரும் அந்த வரிக்கு எதிரே ‘ஆம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். ஆம் என்று சொன்னவர் பொய் சொல்கிறார் என்று காட்ட உங்களிடம் அளவுகோல் இருக்காது. கடைசியில் எல்-1, அதாவது ஆகக் குறைந்த விலை கொடுத்தவர், ஆர்டரை வாங்கிக்கொண்டு போவார்.

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998, அதன் கீழ் வந்த 2000ஆம் ஆண்டு விதிகள் இரண்டும் இதில் தெளிவானவை. எதை வைத்து மதிப்பிடப் போகிறோம் என்பதை ஆவணத்திலேயே முன்கூட்டிச் சொல்ல வேண்டும். சொல்லாத ஒன்றைக் காரணம் காட்டி யாரையும் பின்னால் ஒதுக்க முடியாது. சட்டம் பசுமைக் கொள்முதலுக்குத் தடை என்று சிலர் சொல்வது சரியல்ல. உங்கள் அக்கறையை வாட், லுமென், கிராம், சதவீதம் என்று எண்ணாக மாற்றித் தொழில்நுட்ப விவரக்குறிப்பில் வைத்துவிட்டால், அந்த எண்ணை எட்டியவர்களுக்குள் மட்டுமே விலைப்போட்டி நடக்கும். அதன்பின் எல்-1 உங்களுக்கு எதிரி இல்லை.

பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள்

புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் சோலார் பேனலையோ மின்சாரக் காரையோ யோசித்துத் தொடங்குவார்கள். அதற்கு முன் கடந்த இரண்டு ஆண்டு இருப்புப் பதிவேட்டையும் சில்லறைச் செலவுப் பற்றுச்சீட்டுகளையும் எடுத்து வையுங்கள். பொருள், அளவு, தொகை, எத்தனை முறை வாங்கப்பட்டது என்று நாலு பத்தி போட்டால் போதும். சாதாரண மாவட்ட அலுவலகத்தில் காகிதம், டோனர், ஏசியும் மின்விசிறியும், விளக்கு, துப்புரவுப் பொருள், கூட்டங்களுக்கான தேநீர்-தண்ணீர், யுபிஎஸ் பேட்டரி ஆகியவையே பட்டியலின் தலையில் நிற்கும். முதல் ஆண்டில் இவற்றில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் பத்தைத் தொட்டால் ஒன்றுக்கும் விவரக்குறிப்பு உருப்படியாக வராது.

அடுத்து தேவைப் பட்டியல். பிரிவுகளிலிருந்து வரும் கேட்பைக் கூட்டிப்போட்டு அப்படியே வாங்குவதுதான் வழக்கம். ஒவ்வொரு கேட்புக்கும் மூன்று கேள்வி கேளுங்கள்: கையிருப்பு எவ்வளவு? பழுது பார்க்க முடியுமா? வேறு பிரிவில் சும்மா கிடக்கிறதா? நாற்காலி விஷயத்தில் இது நன்றாகவே வேலை செய்யும். பழைய தேக்கு நாற்காலிக்குப் பிரம்போ நைலானோ மறுபடி பின்னினால் இன்னும் பதினைந்து வருஷம் உட்காரலாம். மேசையும் அப்படித்தான்: பழையதற்குப் பதிலாக வாங்கும் துகள்பலகை மேசை ஒரு மழைக்காலத்தில் கால் ஊதிப் போகும்.

காகிதமும் பிரிண்டரும் ஒரே கோப்பில்

காகிதம் சிக்கனம் என்றதும் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறைப்பதுதான் எல்லோருக்கும் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏ4 தாள் 500 கொண்ட ஒரு ரீம் 80 ஜிஎஸ்எம்மில் ஏறத்தாழ 2.5 கிலோ, 70 ஜிஎஸ்எம்மில் ஏறத்தாழ 2.2 கிலோ. ஆண்டுக்கு 1,200 ரீம் செலவாகும் அலுவலகத்தில் 80இலிருந்து 70க்கு இறங்கினால் மிச்சம் சுமார் 375 கிலோ. அதே அலுவலகத்தில் அச்சாகும் பக்கங்களில் பாதியை இருபுறமும் அடித்தால் 300 ரீம் குறையும். எடையில் 650 கிலோவுக்கு மேல். ஆகவே காகிதச் சிக்கனம் பிரிண்டர் வாங்கும் கோப்பிலேயே தொடங்கிவிடுகிறது.

பிரிண்டர் விவரக்குறிப்பில் ‘தானியங்கி இருபக்க அச்சு’ கட்டாயம் என்று எழுதுங்கள். அதோடு, நிறுவும்போதே எல்லாக் கணினியிலும் இருபக்க அச்சை இயல்புநிலையாக அமைத்துத் தர வேண்டும், அதைச் செய்ததற்கான குறிப்பு நிறுவல் அறிக்கையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வேண்டும். இந்த வரி விட்டுப்போனால் வசதி இயந்திரத்தில் இருக்கும், யாரும் அதைத் தொட மாட்டார்கள்.

டோனரை உருளையின் (கார்ட்ரிட்ஜ்) விலையில் ஒப்பிடாதீர்கள். ஒரு பக்கத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று கேளுங்கள். கறுப்பு டோனருக்கு ஐஎஸ்ஓ/ஐஇசி 19752 முறையில் அளந்த பக்க எண்ணிக்கையைக் கேட்டு, உருளையின் விலையை அதனால் வகுங்கள். மலிவு பிரிண்டருக்கு 1,000 பக்க உருளையும், சற்று விலை கூடியதற்கு 5,000 பக்க உருளையும் வந்தால், இரண்டாவது பெரும்பாலும் ஒரே ஆண்டில் விலை வித்தியாசத்தை ஈடுகட்டிவிடும். காலி உருளையை வழங்குநரே திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும் என்பதும் ஆர்டரிலேயே வரட்டும்.

காகிதத்துக்கு எழுத வேண்டியவை: ஜிஎஸ்எம், தாள் எண்ணிக்கை, லேசர் அச்சுக்கு ஏற்றது என்ற உறுதி, மூலப்பொருள். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் 1984இல் உற்பத்தி தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாகக் கொண்டது. சக்கைக் காகிதமும் மறுசுழற்சிக் காகிதமும் ஒன்றல்ல. ‘மறுசுழற்சி’ என்று கேட்டுவிட்டுச் சக்கைக் காகிதத்தை ஏற்றால் மற்ற போட்டியாளர் ஆட்சேபிப்பார். அதில் நியாயமும் இருக்கும். இரண்டில் எது வந்தாலும் சரி என்றால் ‘கரும்புச் சக்கை போன்ற வேளாண் எச்சத்தாலோ மறுசுழற்சிக் கூழாலோ ஆனது, குறைந்தது இத்தனை சதவீதம்’ என்று எழுதுங்கள். பணிப்பதிவேடு போல நிரந்தரமாக வைக்க வேண்டியவற்றுக்கு மறுசுழற்சித் தாள் வேண்டாம். இயந்திரத்தில் அரைத்த மரக்கூழ் கலந்த மலிவு ரகம் சில ஆண்டிலேயே பழுத்து நொறுங்கும்.

‘70 ஜிஎஸ்எம் சிக்கிக்கொள்கிறது’ என்ற புகார் கட்டாயம் வரும். பத்தில் எட்டு முறை குற்றவாளி ஈரம். தரையில் அடுக்கிய பெட்டி, உறை கிழித்து ஒரு வாரம் திறந்து கிடந்த ரீம், கடற்கரை ஊர்க் காற்று என்று எல்லாம் தாளைச் சுருட்டும். மரச்சட்டத்தின் மேல் சுவரை விட்டு அடுக்குங்கள். பிரிண்டரில் போடும் நேரத்தில் மட்டும் உறையைப் பிரியுங்கள். அதன் பிறகும் சிக்கினால் ஜிஎஸ்எம்மைப் பற்றிப் பேசலாம்.

மின்விசிறி, ஏசி, விளக்கு

சாதாரண உத்தர மின்விசிறி 75 வாட் அளவில் இழுக்கும். பிஎல்டிசி விசிறி (தூரிகை இல்லாத நேர்மின் மோட்டார் கொண்டது) முழு வேகத்தில் 30 வாட் அளவில். ஒரு நாளைக்கு 8 மணி, ஆண்டுக்கு 250 நாள் என்றால் 2,000 மணி. மிச்சம் 90 யூனிட். யூனிட் 9 ரூபாய் என்று வைத்தால் 810 ரூபாய். விலை வித்தியாசம் 1,500 ரூபாய் இருந்தாலும் இரண்டு ஆண்டுக்குள் திரும்பிவிடும். உத்தர மின்விசிறிக்கு மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர முத்திரை 2023 ஜனவரி 1 முதல் கட்டாயம். வாட்டை மட்டும் எழுதினால் காற்றே வராத விசிறி வந்து சேரும். 1,200 மி.மீ. விசிறிக்குக் குறைந்தபட்சக் காற்றளவையும் நிமிடத்துக்கு இத்தனை கன மீட்டர் என்று சேர்த்து எழுதுங்கள்.

பிஎல்டிசி விசிறியில் அலுவலகங்கள் வழுக்கி விழும் இடம் ரெகுலேட்டர். பழைய சுவர் ரெகுலேட்டரோடு இணைத்தால் விசிறி முனகும், வேகம் மாறாது, சில மாதத்தில் உள்ளிருக்கும் மின்னணுப் பலகை போகும். பழையதைக் கழற்றி நேரடி இணைப்பு கொடுக்க வேண்டும். அந்த வேலையும் நிறுவல் விலைக்குள்ளேயே வர வேண்டும். ரிமோட் இன்னொரு தலைவலி: பன்னிரண்டு விசிறி இருக்கும் கூடத்தில் ஒரு ரிமோட்டை அழுத்தினால் மூன்று விசிறி நிற்கும், அடுத்த வாரம் ரிமோட்டே இருக்காது. பொதுக்கூடத்துக்குச் சுவர்க் கட்டுப்பாடு உள்ள மாடல் என்று குறிப்பிடுங்கள்.

ஏசியில் ‘5 நட்சத்திரம்’ என்று மட்டும் எழுதுவது அரைகுறை. நட்சத்திர அட்டவணை அவ்வப்போது கடுமையாக்கப்படும். 2022 ஜூலையில் அப்படி மாறியபோது, முன்பு 5 நட்சத்திரம் வைத்திருந்த பல மாடல்கள் 4க்கு இறங்கின. ஆகவே ஐஎஸ்இஇஆர் எண்ணையும் (இழுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு குளிர்ச்சி தருகிறது என்ற கணக்கு, கூடினால் நல்லது), முத்திரையில் அச்சாகியிருக்கும் செல்லுபடிக் காலத்தையும் சேர்த்துக் கேளுங்கள். 2022 அட்டவணைப்படி ஸ்பிளிட் ஏசியில் 3 நட்சத்திரம் 3.8இல் தொடங்கியது, 5 நட்சத்திரம் 5.0இல். ஒரே குளிர்த்திறன் கொண்ட இரண்டில் 3.8 உள்ளது ஆண்டுக்கு 1,000 யூனிட் இழுத்தால் 5.0 உள்ளது 760 யூனிட் இழுக்கும். முத்திரையில் உள்ள ஆண்டு யூனிட் 1,600 மணி நேரத்துக்கு என்பதை மறக்க வேண்டாம். உங்கள் அறையில் 2,000 மணி ஓடினால் 240 யூனிட் வித்தியாசம் 300 ஆகும், ரூபாயில் 2,700. பத்தாண்டில் 27,000. கூடுதல் விலை 10,000 என்றாலும் கோப்பில் நியாயம் சொல்ல முடியும்.

ஆனால் ஆண்டுக்கு 40 நாள், நாளுக்கு 4 மணி ஓடும் கூட்ட அரங்குக்கு இதே கணக்கைப் போட்டால் வித்தியாசம் 24 யூனிட், அதாவது 216 ரூபாய். அங்கே 5 நட்சத்திரத்துக்கு அடம்பிடிப்பது வீண். அந்தப் பணத்தில் ஜன்னலுக்கு வெயில் தடுப்பும் கதவிடுக்கு ரப்பரும் போடுங்கள்.

குளிர்வாயுவையும் எழுதுங்கள். புவி வெப்பமாக்கும் திறனில் கார்பன் டை ஆக்சைடை 1 என்று வைத்தால் ஆர்-410ஏ 2,088, ஆர்-32 675, புரொப்பேனான ஆர்-290 ஒற்றை இலக்கம். ‘புவி வெப்பமாக்கும் திறன் 750க்கு மிகாத வாயு’ என்று ஒரு வரி எழுதினால் பிராண்ட் பெயர் இல்லாமலே வேலை முடியும். பராமரிப்பு ஒப்பந்தத்திலும் ஒரு வரி வேண்டும்: கழற்றும்போது வாயுவைக் காற்றில் திறந்துவிடக் கூடாது, உருளையில் மீட்க வேண்டும். நல்ல வாயு உள்ள ஏசியை வாங்கிவிட்டு, பழையதை மாடியில் வைத்து ‘புஸ்’ என்று திறந்துவிடுவது நாம் பார்க்காத காட்சி இல்லை.

விளக்கில் எல்இடி என்ற சொல் மட்டும் போதாது. 20 வாட் குழல்விளக்குக்குக் குறைந்தது 2,000 லுமென், மின்திறன் காரணி 0.9, இரண்டு அல்லது மூன்று ஆண்டு உத்தரவாதம், வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் வரம்பு ஆகிய நான்கும் வேண்டும். பழைய பட்டியிலேயே புதுக் குழலை மாட்டும்போது சோக்கைக் கழற்றாமல் விட்டால் அதுவும் மின்சாரம் தின்னும், விளக்கின் ஆயுளும் குறையும். கழற்றிய பழைய குழல்களில் பாதரசம் உண்டு. உடைக்காமல் பழைய அட்டைப்பெட்டியிலேயே நிறுத்தி வையுங்கள்.

டீ கப்

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. இதில் பல அலுவலகங்கள் அறியாமல் மீறுவது ஒன்று உண்டு: உள்ளே மெழுகு போல வழவழப்பாக இருக்கும் ‘பேப்பர் கப்’. அது பிளாஸ்டிக் பூச்சு. தடைப் பட்டியலில் இருக்கிறது. துணி போலத் தோன்றும் நெய்யாத் துணிப் பையும் பாலிபுரொப்பிலீன்தான். மஞ்சப்பை என்று சொல்லி அதை வாங்கிவிடாதீர்கள், பருத்தி என்று எழுதுங்கள்.

மாற்று எவர்சில்வர் டம்ளரோ கண்ணாடிக் குவளையோதான். வாங்குவது எளிது, ஒரு மாதத்தில் அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். கழுவ ஆள் யார், எங்கே கழுவுவது, காய வைக்கத் தட்டு உண்டா என்பதற்கு விடை இல்லாமல் டம்ளர் வாங்கினால் கப் திரும்பி வந்துவிடும். 60 பேர் கூட்டத்துக்கு 150 டம்ளர், இரண்டு வாளி, வடிதட்டு, துப்புரவு ஒப்பந்தத்தில் கழுவும் வேலை என்று நான்கையும் ஒரே கோப்பில் அனுமதி வாங்குங்கள். தண்ணீருக்கு 20 லிட்டர் கேன், மேசைக்கு ஒரு குடுவை. மேடைக்கு மட்டும் பிளாஸ்டிக் பாட்டில் என்ற சலுகையை முதல் கூட்டத்திலேயே தராதீர்கள். அதைப் பார்த்துக் கடைசி வரிசை வரை எல்லோரும் கேட்பார்கள்.

‘மட்கும் பிளாஸ்டிக்’ என்று விற்பவர் வந்தால் ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 பரிசோதனையும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றும் கேளுங்கள். இரண்டும் இருந்தாலும் அது மட்குவது உரத் தொழிற்கூடச் சூட்டில்தான். உங்கள் அலுவலகக் குப்பை அங்கே போகவில்லை என்றால் அந்தக் கூடுதல் விலைக்குப் பொருளே இல்லை.

பெயின்டும் துப்புரவும் சுருக்கமாக: வீட்டு, அலங்காரப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 2017 நவம்பர் முதல் சட்டம், ஆய்வறிக்கை கேளுங்கள். துப்புரவுத் திரவத்தை 5 லிட்டர் செறிவாக வாங்கி அளவுக்குப்பியில் கலக்கப் பழக்குங்கள். கழிப்பறை ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே அலமாரியில் வைக்க வேண்டாம். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும்.

சான்றிதழைப் படிப்பது எப்படி

அடிக்கடி வருவது ஐஎஸ்ஓ 14001. அது நிறுவனத்தின் நிர்வாக முறைக்கான சான்று; பொருளைப் பற்றி எதுவும் சொல்லாது. பொருள் சான்றாக அதை ஏற்காதீர்கள். பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைவனம்) உரிம எண்ணையும் மின்னணுப் பொருள்களின் ‘ஆர்’ என்ற பதிவு எண்ணையும் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம். இரண்டு நிமிட வேலை. நட்சத்திர முத்திரைக்கு எரிசக்தித் திறன் அமைப்பின் இணையப் பட்டியலில் மாடல் எண்ணைத் தேடுங்கள். ஆய்வறிக்கை என்றால் ஆய்வகத்தின் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம், தேதி, மாடல் எண் மூன்றையும் சரிபாருங்கள். பக்கத்து மாடலின் அறிக்கையை நுழைப்பது வழக்கமான வித்தை.

இந்தியாவின் சொந்த முத்திரையான ஈகோமார்க்கின் சின்னம் மண்பானை. 1991இல் வந்த திட்டம். 2024 செப்டம்பரில் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டன. கடையில் அந்தப் பானையைத் தேடிப் பிடிப்பது இன்றைக்கும் கஷ்டம். அதை மட்டுமே கட்டாயமாக்கினால் ஒருவரும் வர மாட்டார்கள், அல்லது ஒரே ஒருவர் வருவார். ‘ஈகோமார்க், அல்லது அதே அளவுகோலை எட்டியதற்கான அங்கீகரிக்கப்பட்ட ஆய்வக அறிக்கை’ என்று எழுதினால் சிறுதொழில் நிறுவனங்களுக்கும் வழி கிடைக்கும். எந்த விவரக்குறிப்பையும் வெளியிடுமுன் சந்தையில் விசாரியுங்கள். குறைந்தது மூன்று தயாரிப்பாளர்களால் முடியும் என்ற குறிப்பு கோப்பில் இருந்தால் தணிக்கையில் பதில் சொல்வது எளிது.

மத்திய அரசு அலுவலகங்களுக்கு 2017 பொது நிதி விதிகளே, அறிவிக்கப்பட்ட மின்சாதனங்களுக்கு நட்சத்திர வரம்பைக் கட்டாயமாக்கியுள்ளன. மாநில அலுவலகத்தில் இருப்பவர் தன் துறை ஆணைகளைத் தேடிக் கோப்பில் மேற்கோள் காட்டுவது நல்லது. ஆணை எண் இருக்கும் குறிப்பில் மேலதிகாரி கையெழுத்துப் போடத் தயங்குவதில்லை.

சரக்கு வந்திறங்கும் நாள்

எழுதியதெல்லாம் இங்கே தப்பிப் போகலாம். ரீம் ஒன்றை எடை போடுங்கள்; ஏ4, 70 ஜிஎஸ்எம் என்று சொல்லி உறையோடு 2 கிலோ காட்டினால் தாள் மெலிந்திருக்கிறது அல்லது எண்ணிக்கை குறைகிறது. விசிறியில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வாட் மீட்டரை மாட்டிப் பாருங்கள். ஏசியில் முத்திரையின் மாடல் எண்ணும் வெளிப்பெட்டியின் எண்ணும் ஆர்டரும் ஒன்றா என்று பாருங்கள். 100க்கு 5 என்று மாதிரி எடுத்துச் சோதித்து, அளவீட்டை இருப்புப் பதிவேட்டிலேயே எழுதி, பிறகு பில்லைப் பணத்துக்கு அனுப்புங்கள். தெர்மோகோலும் பிளாஸ்டிக் உறையும் வந்த வண்டியிலேயே திரும்பிப் போக வேண்டும் என்ற நிபந்தனையை ஓட்டுநர் கிளம்புமுன் நினைவூட்டுங்கள்.

பழையது வெளியே போகும் வழி

மின்கழிவு மேலாண்மை விதிகள் 2022, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஆண்டில் எப்போதாவது 1,000 மின்-மின்னணுச் சாதனங்களைப் பயன்பாட்டில் வைத்திருந்த அமைப்பு ‘பெருநுகர்வோர்’ ஆகும். பதிவு பெற்ற தயாரிப்பாளர், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் ஆகியோரிடம் மட்டுமே கழிவைத் தரலாம். துறை முழுவதையும் கூட்டினால் அந்த எண் சுலபமாக வந்துவிடும். சிறிய அலுவலகமும் அதையே பின்பற்றுவது நல்லது. பொது ஏலத்தில் அதிக விலை கேட்ட பழைய இரும்பு வியாபாரிக்கு விட்டால், கம்பியை எரித்துத் தாமிரம் எடுப்பார்கள். ஏல அறிவிப்பிலேயே ‘பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் மட்டும்’ என்று வரம்பு வையுங்கள். கணினிகளின் வன்தட்டுகளை அழித்ததற்கோ துளையிட்டதற்கோ சான்றெழுதிய பிறகுதான் வண்டி ஏற்ற வேண்டும். யுபிஎஸ் பேட்டரிக்குப் பழையதைக் கழித்துப் புதியது வாங்கும் முறை எளிது. பழைய பேட்டரியின் எடையை ஆர்டரில் குறிப்பிடாவிட்டால் கழிவு விலையில் ஏமாறுவீர்கள்.

மார்ச்சில் இதெல்லாம் நடக்காது

நாள் கணக்கைப் பின்னோக்கிப் போடுங்கள். சந்தை விசாரணைக்கும் விவரக்குறிப்புக்கும் மூன்று வாரம், அனுமதிக்கு இரண்டு வாரம். 2 கோடி ரூபாய் வரையிலான ஒப்பந்தப்புள்ளிக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள். மதிப்பீட்டுக்கு மூன்று வாரம், வழங்கலுக்கு ஒரு மாதம், சோதனைக்கு ஒரு வாரம். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே நான்கு மாதம். வெயில் வருமுன் விசிறி வேண்டும் என்றால் அக்டோபரில் கோப்பு திறந்திருக்க வேண்டும். மார்ச் 10ஆம் தேதி ஒதுக்கீடு வந்தால் எல்லோரும் செய்வது போன ஆண்டுக் கோப்பைப் பிரதி எடுப்பதுதான். அதில் போன ஆண்டு நட்சத்திர அட்டவணையும், நாம் முதலில் அடித்த அந்த வரியும் அப்படியே இருக்கும். எனவே விவரக்குறிப்புகளை ஆகஸ்ட், செப்டம்பரிலேயே எழுதி, அனுமதி வாங்கித் தயாராக வைத்துவிடுங்கள். பணம் எப்போது வந்தாலும் தேதியை மட்டும் நிரப்பி அனுப்பலாம்.